கட்டடமும் கணக்கும்

‘பசுமைக் கட்டடம்’ என்னும் சொற்றொடர் சில ஆண்டுகளாக நம் இல்லங்களிலும் புழங்கி வருகிறது. பொழுது விடியுமுன் மாரிகுப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின்னர் வீடு திரும்பும் நம் பிள்ளைகளும் பெண்மக்களும் கொண்டுவந்து சேர்த்த சொற்களுள் அதுவும் ஒன்று. தாங்கள் வேலை செய்யும் மாளிகையின் வாயிலில் ஒரு தகடு பதித்திருக்கிறதென்றும், அதில் ‘தங்கம்’ என்றோ ‘பிளாட்டினம்’ என்றோ எழுதியிருக்கிறதென்றும் அவர்கள் சொல்லக் கேட்கிறோம். ஒரு டன் பாறையைப் பொடித்துச் சில கிராம் தங்கம் எடுத்த பரம்பரையினராகிய நமக்கு, சுவரில் எழுதிய தங்கத்தின்மேல் சற்றே ஐயம் எழுவது இயல்புதான். ஸ்கெலட்டனிலிருந்து எழுதிய அன்பர் ஒருவர், “கட்டடத்தைச் சுற்றி நாலு மரம் வைத்துவிட்டால் முதலாளிக்கு என்ன இலாபம்? இலாபமில்லாமல் அவர்கள் ஏன் செய்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறார். கேள்வி நல்ல கேள்வி. இம்மாதம் அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். மரம் நடுவது மட்டும் பசுமைக் கட்டடம் ஆகாது. எந்தத் திசையை நோக்கிக் கட்டுவது, வெயிலை எங்கே தடுப்பது, வெளிச்சத்தை எவ்வாறு உள்ளே விடுவது, மழைநீரை எங்கே சேர்ப்பது, கழிவுநீரை எப்படி மறுபடியும் பயன்படுத்துவது, எந்தப் பொருளைக் கொண்டு சுவர் எழுப்புவது என்பன எல்லாம் சேர்ந்ததே அது. நம் பாட்டனார் காலத்துத் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் இவற்றுள் பாதியைத் தாமாகவே செய்துவந்தன. நம் தங்கவயலில் வெள்ளைக்கார மானேஜர்கள் குடியிருந்த பங்களாக்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். உயர்ந்த கூரை, ஓடு, நாற்புறமும் அகன்ற தாழ்வாரம், சுற்றிலும் மரநிழல். உச்சி வெயிலிலும் அங்கே உஷ்ணம் தெரியாது. அதே கம்பெனி தொழிலாளருக்குக் கட்டிக் கொடுத்தவையோ மூங்கில் தட்டி வீடுகளும் தகரக் கூரைகளும். குளிர்ச்சியாக வீடு கட்டும் வித்தை கம்பெனிக்குத் தெரியாமல் இல்லை. யாருக்காகக் கட்டுவது என்பதில்தான் வேற்றுமை இருந்தது. இந்த வேற்றுமையை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னும் அதற்கு வேலை இருக்கிறது.

பெங்களூர் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருப்பது. ஆண்டில் பெரும்பகுதி சன்னலைத் திறந்தால் போதும், விசிறிகூட வேண்டியதில்லை என்று பழைய பெங்களூர்வாசிகள் சொல்வார்கள். அத்தகைய ஊரில், மேற்கு வெயிலுக்கு நேராக அடியிலிருந்து முடிவரை கண்ணாடிச் சுவர் எழுப்பி, அதன் வழியே உள்ளே புகுந்த உஷ்ணத்தை வெளியேற்ற நாள் முழுவதும் குளிர்சாதனம் ஓட்டுகிறார்கள். கண்கூசுகிறது என்று அக்கண்ணாடிக்குத் திரை போட்டுவிட்டுப் பகலிலேயே விளக்கும் எரிக்கிறார்கள். இறைவன் இலவசமாகக் கொடுத்த குளிர்ச்சியையும் வெளிச்சத்தையும் வேண்டாமென்று தள்ளிவிட்டு, அவற்றையே மாதந்தோறும் மின்சார இலாகாவிடம் விலைகொடுத்து வாங்குவதற்கு இது ஒப்பாகும். குளிர்நாட்டில் வெயிலை வரவேற்கக் கட்டிய கட்டடத்தின் படத்தைப் பார்த்து வெயில்நாட்டில் கட்டியதால் வந்த வினை இது.

இதற்கு நேர்மாறான கட்டடம் ஒன்றும் பெங்களூரிலேயே தோமலூரில் இருக்கிறது. டெரி என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தின் அலுவலகம் அது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பெற்றது. சஞ்சய் மோகே என்னும் கட்டடக் கலைஞரின் திட்டம். அந்த மனைக்குப் பக்கத்திலே ஒரு சாக்கடை ஓடுகிறது. தென்புறமிருந்து வரும் காற்று அதன் நாற்றத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. வேறு யாராக இருந்தாலும் எல்லாச் சன்னலையும் அடைத்துக் குளிர்சாதனம் பூட்டியிருப்பார்கள். இவர்களோ தென்சுவரை இரட்டைச் சுவராக்கி, வெளிப்புறத்தில் கறுப்புக் கடப்பைக் கல் பதித்தார்கள். வெயிலில் கறுப்புக் கல் சுடுகிறது. இரு சுவர்களுக்கிடையே உள்ள காற்று சூடாகி மேலெழுந்து வெளியேறுகிறது. அது காலிசெய்த இடத்தை நிரப்ப, வடபுறத்துத் தோட்டத்திலிருந்து நல்ல காற்று கட்டடத்தின் ஊடே இழுக்கப்பட்டு வருகிறது. அடுப்புப் புகைபோக்கி வேலை செய்யும் விதமும், இதுவும் ஒன்றே. மைன்ஸில் ஒரு ஷாப்டின் வழியே காற்று இறங்கி மற்றொரு ஷாப்டின் வழியே ஏறுவதைப் பார்த்த நம் பெரியவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. எந்த வெயில் பகையோ அந்த வெயிலையே வேலைக்காரனாக்கிக்கொண்ட சாமர்த்தியம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆப்பிரிக்காவிலே, ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில், 1996-இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் என்னும் வாணிகக் கட்டடமும் இத்தகையதே. மிக் பியர்ஸ் என்பவர் கறையான் புற்றைப் பார்த்து அதைத் திட்டமிட்டதாகச் சொல்வர். இரவின் குளிர்ந்த காற்றைத் தடித்த சுவர்களிலும் தளங்களிலும் ஏற்றிவைத்துக்கொண்டு, பகலில் அக்குளிர்ச்சியைச் செலவிடும் கட்டடம் அது. வழக்கமான குளிர்சாதன இயந்திரமே அதில் வைக்கவில்லை. அந்த இயந்திரத்தின் விலை முதலிலேயே மிச்சம். புற்றுக்குள் காற்று ஓடும் விதம் பற்றிப் பிற்கால ஆராய்ச்சியாளர் வேறு விதமாகச் சொல்கின்றனர். அதனால் கட்டடத்தின் குளிர்ச்சி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இனிப் பணக்கணக்குக்கு வருவோம். இந்தியாவில் இவ்வகையில் முதன்முதல் பெரும்பெயர் பெற்றது, ஹைதராபாத்தில் இந்தியத் தொழிற் கூட்டமைப்பினர் கட்டிய சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம். 2004-ஆம் ஆண்டு ஜூலையில் அதனைத் திறந்துவைத்தவர் அந்நாளில் குடியரசுத் தலைவராயிருந்த நம் அப்துல் கலாம் அவர்கள். அமெரிக்காவில் ஏற்பட்ட ‘லீட்’ என்னும் தரவரிசையில் பிளாட்டினம் என்ற உச்ச நிலையை அமெரிக்காவுக்கு வெளியே முதலில் பெற்ற கட்டடம் அதுவே. சாதாரணக் கட்டடத்தைவிட அதற்கு 18 சதவிகிதம் அதிகம் செலவாயிற்று. அந்த அதிகச் செலவு திரும்ப 7 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆனால் அடுத்தடுத்துக் கட்டியவர்களுக்கு அவ்வளவு செலவாகவில்லை. 2005-இல் சென்னையில் கிரண்ட்பாஸ் பம்பு கம்பெனியார் தங்கத் தரத்தில் கட்டிய அலுவலகத்துக்கு அதிகச் செலவு 6 சதவிகிதம். திரும்பும் காலம் 3 ஆண்டுகள். முதலில் கட்டியவர் கற்றுக்கொள்ளும் செலவையும் சேர்த்துக் கொடுத்தார். பின்வந்தவர் கற்றதை மட்டும் எடுத்துக்கொண்டார். இவையெல்லாம் பசுமைக் கட்டடத்தைப் பரப்புவோர் தாமே வெளியிட்ட கணக்குகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளை வீட்டார் வாயாலேயே கேட்பது போன்றது இது. அக்கம்பக்கத்திலும் விசாரிப்பது நலம்.

அப்படி விசாரிக்கத் தக்க சான்று ஒன்று உண்டு. இன்போசிஸ் கம்பெனியார் ஹைதராபாத்தை அடுத்த போச்சாரத்தில் ஓர் அலுவலகம் கட்டினார்கள். கட்டடம் ஒன்று, அதனை நடுவே பிரித்து, ஒத்த இரு பாதிகளாக அமைத்தார்கள். இரண்டுக்கும் ஒரே சுவர், ஒரே சன்னல், ஒரே அளவு ஆட்கள். ஒரு பாதியில், சிறந்த முறையில் அமைந்ததாயினும் வழக்கமான காற்றுக் குளிர்சாதனம். மறுபாதியில், தளத்தின் கான்கிரீட்டுக்குள்ளேயே குழாய்களைப் பதித்து, அவற்றில் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். சாணம் மெழுகிய மண்தரையில் கோடையில் வெறும் மேனியாகப் படுத்தவர்கள் அந்தச் சுகத்தை அறிவார்கள். தரையின் குளிர்ச்சி உடம்பின் உஷ்ணத்தை இழுத்துக்கொள்ளும். உஷ்ணத்தைச் சுமந்து செல்வதில் காற்றைவிட நீர் பன்மடங்கு வல்லது; ஆகவே பெரிய காற்றாடிகளுக்கு ஆகும் மின்சாரம் குறைகிறது. இரண்டாண்டுகள் மீட்டர் வைத்து அளந்து, 2014-இல் அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்தின் பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். நீர் ஓடிய பாதிக்கு 34 சதவிகிதம் குறைந்த மின்சாரமே செலவாயிற்று. கட்டும் செலவும் அந்தப் பாதிக்குச் சற்றே குறைவுதான். இங்கே அதிகச் செலவு என்ற பேச்சே எழவில்லை. வாய்ச்சொல்லை நம்பாமல் ஒரே கூரையின்கீழ் இரண்டையும் வைத்து அளந்து பார்த்த அந்த முறையையே நாம் பெரிதும் பாராட்டுகிறோம்.

பழைய கட்டடங்களை என்ன செய்வது என்று கேட்கலாம். நியூயார்க் நகரின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931-இல் திறக்கப்பட்டது. 2009-இல் அறிவிக்கப்பட்டு நடந்த சீரமைப்பில், அதன் சுமார் 6,500 சன்னல்களையும் கழற்றி, வேறெங்கும் அனுப்பாமல் அந்தக் கட்டடத்திலேயே ஒரு தளத்தில் பட்டறை அமைத்து, பழைய கண்ணாடிகளுக்கிடையே மெல்லிய தகடு செருகித் திரும்பப் பொருத்தினார்கள். வெப்பக் குழாய்களுக்குப் பின்னே, சுவர் வழியே வெப்பம் ஓடிவிடாதிருக்கத் தடுப்பு வைத்தார்கள். எல்லாம் சேர்ந்து 38 சதவிகிதம் எரிசக்தி மிச்சமாகும் என்பது திட்டம். ஆண்டுக்கு 44 இலட்சம் டாலர் மீதமாகுமென்றும், அதிகப்படியாகப் போட்ட முதல் மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடுமென்றும் மதிப்பிட்டார்கள். இதில் விந்தை யாதெனில், சன்னல் வழியே வரும் உஷ்ணம் குறைந்ததால், பெரிய குளிர்சாதன இயந்திரங்களைப் புதிதாக வாங்கும் செலவையே தவிர்க்க முடிந்தது.

இலாபத்தைக் கண்டு செய்த காரியம் ஊருக்கும் நன்மையாக முடிந்ததற்கு நம் தங்கவயலைவிடப் பழைய உதாரணம் தேடிப் பிடிப்பது அரிது. சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை மைன்ஸ் இயந்திரங்கள் நீராவியில் ஓடின. கொதிகலன்களுக்கு விறகும் நிலக்கரியும் ஓயாமல் வேண்டியிருந்தன. திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் மைசூர் அரசாங்கம் சிவசமுத்திரத்தில் காவேரி நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை வகுத்தது. ஜாலி டி லாட்பினியர் என்னும் பொறியாளர் அதனை நடத்தினார். மின்சாரத்தை வாங்கிக்கொள்வதாக ஜான் டெய்லர் கம்பெனியார் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே வேலை துணிந்து நடந்தது. 1902-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில், 92 மைல் தொலைவு கம்பி வழியே வந்த மின்சாரம் இங்கே இயந்திரங்களை ஓட்டியது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அது ஒன்று. பெங்களூர் நகருக்கே 1905-இல்தான் மின்விளக்கு வந்தது. அந்தப் பெருமையைக் காண சேஷாத்திரி ஐயர் உயிரோடிருக்கவில்லை, 1901-இல் காலமாகிவிட்டார். கம்பெனியார் காட்டின்மேல் கருணை கொண்டு இதைச் செய்யவில்லை. நிலக்கரியைவிட நீர் மின்சாரம் மலிவு என்று கணக்குப் பார்த்துச் செய்தார்கள். விறகு மிஞ்சியது கணக்கில் வராத வரவு. இன்றும் ஏறத்தாழ அதே கதை நடக்கிறது: பெங்களூரின் பெரிய அலுவலகப் பூங்காக்களை நடத்தும் எம்பசி நிறுவனத்தார் பெல்லாரி மாவட்டத்தில் 100 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்து, அங்கிருந்து தங்கள் கட்டடங்களுக்கு மின்சாரம் கொண்டுவருகிறார்கள். அருவி இருந்த இடத்தில் வெயில். சுரங்கம் இருந்த இடத்தில் கணினி.

காற்றைப் பற்றியும் நமக்குச் சொல்ல உரிமை உண்டு. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் உஷ்ணமே 60 பாகைக்கு மேல். குளிர்ந்த காற்றை இயந்திரம் வைத்துக் கீழே அனுப்பாவிட்டால் ஒரு மணி நேர வேலையும் நடவாது. காற்றுக்குச் செய்த செலவு தர்மமன்று, உற்பத்திச் செலவு என்பதைக் கம்பெனி உணர்ந்திருந்தது. ஆனால் மாடிக் கட்டடங்களின் சொந்தக்காரர்கள் அதை உணர நெடுங்காலம் ஆயிற்று. மூடிய அறையில் பலர் அமர்ந்து வேலை செய்யும்போது, அவர்கள் விடும் மூச்சாலேயே கரியமில வாயு பெருகித் தலை கனக்கிறது. மாலையில் கணக்கு தப்புகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் ஆலன் குழுவினர் 24 பேரை ஒரே அறையில் வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு காற்றில் இருத்தி, சிந்தனைத் திறனைச் சோதித்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண அலுவலகக் காற்றைவிட நல்ல காற்றில் அவர்கள் பெற்ற மதிப்பெண் 61 சதவிகிதம் கூடுதல். வெளிக்காற்று இன்னும் தாராளமாகக் கிடைத்த நாளில் இருமடங்கு. இருபத்து நான்கு பேர் என்பது சிறு தொகைதான். அதைக் கொண்டு உலகத்தையே அளந்துவிட முடியாது. ஆயினும் ஓர் அலுவலகத்தில் மின்கட்டணத்தைவிடச் சம்பளச் செலவு பன்மடங்கு பெரிது என்பதை நினைத்தால், காற்றினால் கூடும் திறமை சிறிதாயினும் முதலாளிக்கு எவ்வளவு பெரிய வரவு என்பது விளங்கும்.

நீர் விஷயம் இதைவிடக் கடுமை. பெங்களூர் குடிக்கும் காவேரி, நூறு கிலோமீட்டருக்கப்பாலிருந்து, செங்குத்தாக ஐந்நூறு மீட்டர் அளவுக்கு மேலேற்றப்பட்டு வருவது. 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரைக் கொண்டு வண்டி கழுவினாலும் தோட்டத்துக்குப் பாய்ச்சினாலும் 5,000 ரூபாய் அபராதம் என்று நீர் வாரியம் ஆணையிட்டது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 2019 கோடையில், சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகள் சில, தண்ணீர் இல்லாமையால் ஊழியரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாத மாளிகைக்கு எத்தனை கோடி வாடகை பேசினாலும் என்ன பயன்? தன் கழிவுநீரைத் தானே சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் செடிக்கும் குளிர்சாதனக் கோபுரத்துக்கும் பயன்படுத்தும் கட்டடம், லாரித் தண்ணீருக்குக் கையேந்துவது அந்த அளவுக்குக் குறைகிறது. தமிழ்நாட்டில் 2003-லும் பெங்களூரில் 2009-லும் மழைநீர்ச் சேமிப்பு சட்டமாகிவிட்டது. சட்டத்துக்காகக் குழாய் பொருத்தி, அதை மண் மூடவிட்டவர்களும் உண்டு, பஞ்சத்தில் அதனால் பிழைத்தவர்களும் உண்டு. பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து நம் கோலார் மாவட்டத்து ஏரிகளில் நிரப்பும் திட்டம் 2018 முதல் நடப்பதை வாசகர் அறிவர். அந்த நீரின் தூய்மை போதுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆகவே, நகரத்துக் கட்டடம் தன் கழிவுநீரை எவ்வாறு நடத்துகிறது என்பது நகரத்தாரின் சொந்த விஷயமன்று. அதன் கடைசி வாய்க்கால் நம் ஊர்ப்பக்கம் இருக்கிறது.

இனி அந்தத் தகட்டைப் பற்றி. தகடு பெரும்பாலும் கட்டடத்தின் திட்டத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. பிறகு மின்சாரம் எவ்வளவு ஓடியது என்பதைப் பார்த்துக் கொடுக்கப்படுவதன்று. 2008-இல் அமெரிக்காவில் இத்தகைய 121 கட்டடங்களின் உண்மைச் செலவை ஆராய்ந்தபோது, சராசரியில் அவை மற்றவற்றைவிட நான்கில் ஒரு பங்கு குறைவாகவே எரிசக்தியைச் செலவிட்டன. ஆனால் சராசரிக்குள் மறைந்திருந்தவை பல. சில கட்டடங்கள் தாம் சொன்னதைவிட மிக அதிகமாகவே விழுங்கின. கண்ணாடி மாளிகைக்கு உயர்ந்த இயந்திரம் பூட்டிப் பசுமைப் பட்டம் வாங்குவதும், அது பழுதானால் கவனிக்க ஆள் வையாததும் நடக்கின்றன. நம் நாட்டில் 2009 முதல் எரிசக்திச் சிக்கன அலுவலகம், அதாவது பீ.ஈ.ஈ., ஓடிய மின்சாரத்தை அளந்து அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது. குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டை அறிந்த தாய்மார்களுக்கு இது புரியும். நம் அபிப்பிராயத்தில், வாயில் தகட்டைவிட மின்கட்டணச் சீட்டே நம்பத்தக்க சான்று.

அப்படியானால் எல்லா முதலாளிகளும் ஏன் இதைச் செய்யவில்லை? இங்கேதான் முன்னர்ச் சொன்ன பங்களாவும் தகரக் கூரையும் நினைவுக்கு வர வேண்டும். கட்டுகிறவர் ஒருவர், மின்கட்டணம் கட்டுகிறவர் மற்றொருவர். வாடகைக்கு விடுவதற்காகக் கட்டுகிற முதலாளி, அதிகம் செலவிட்டு நல்ல கண்ணாடியும் நிழற்பலகையும் வைத்தால், மிச்சமாகும் பணம் குடியிருக்கும் கம்பெனிக்குப் போகிறது. ஆகவே அவர் மலிவானதையே வைக்கிறார். இந்த முடிச்சு அண்மையில் சற்றுத் தளர்ந்திருக்கிறது. பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் இடங்களிலுள்ள கம்பெனிகள், தாம் செலவிடும் எரிசக்தி, நீர், கழிவு ஆகியவற்றின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று செபி நிறுவனம் 2022-23 முதல் கட்டாயமாக்கிவிட்டது. கணக்குக் காட்ட வேண்டிய கம்பெனி, கணக்கைக் கெடுக்கும் கட்டடத்தில் குடியேறத் தயங்கும். அவ்வாறு தயங்கும்போது காலியாகக் கிடக்கும் தளம் முதலாளியின் நட்டமாகிறது. 2022-இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சிக்கனச் சட்டமும், 100 கிலோவாட் மின்பளு உள்ள பெரிய கட்டடங்களுக்கு விதிகளை இறுக்குகிறது.

நம் குடும்பங்களுக்கு இதனால் என்ன என்றால், இரண்டு உண்டு. ஒன்று வேலை. இத்தகைய கட்டடங்களுக்குத் துடைப்பம் பிடிக்கவும் வாயில் காக்கவும் மட்டுமன்றி, கழிவுநீர் நிலையத்தை நடத்தவும், குளிர்சாதனத்தைச் செப்பனிடவும், மின்செலவைத் தணிக்கை செய்யவும் ஆட்கள் வேண்டும். 2001 பிப்ரவரி இறுதியில் மைன்ஸ் மூடப்பட்ட பிறகு பெங்களூர் இரயிலில் ஏறிய முதல் தலைமுறையார் கிடைத்த வேலையைச் செய்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதே இரயிலில் வேறு வேலைக்குப் போகலாம். பொறியியற் படிப்பும் அனுபவமும் உடையவர்கள் பீ.ஈ.ஈ. நடத்தும் எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வை எழுதலாம். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனமும் மின்பணியும் படித்த தம்பிமார், மோட்டாரும் பம்பும் கற்றுக்கொண்ட கையோடு கழிவுநீர் நிலைய வேலையையும் கற்றுக்கொண்டால் நன்று. பம்பும் காற்றாடியும் நம் ஊருக்குப் புதியனவல்ல.

மற்றொன்று நம் கடைகள். ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ ஒரு ஜவுளிக் கடை என்று வைத்துக்கொள்வோம். சோக்குடன் கூடிய பழைய குழல் விளக்கு ஒன்றுக்கு ஏறக்குறைய 50 வாட். அதே வெளிச்சம் தரும் எல்.ஈ.டி. குழலுக்கு 20 வாட். பத்து விளக்குகள், நாளுக்குப் பத்து மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 900 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் 7,200 ரூபாய். பத்துக் குழல்களின் விலை 3,000 ரூபாய்க்குள் அடங்கும். ஐந்து மாதத்தில் முதல் திரும்பிவிடும். விசிறிக் கணக்கு இவ்வளவு வேகமாக முடியாது. பழைய விசிறிக்கு 75 வாட், புதுவகைக்கு 30 வாட். நாளுக்குப் பத்து மணி ஓடினால் ஆண்டுக்கு ஒரு விசிறிக்கு 135 யூனிட், அதாவது 1,000 ரூபாய்க்குச் சற்று மேல். புது விசிறிக்கு 1,500 ரூபாய் அதிகம் கொடுக்க வேண்டியிருந்தால், ஒன்றரை ஆண்டு பொறுக்க வேண்டும். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதோ எல்லாவற்றிலும் மலிவு; கோடைக்கு முன் ஆண்டுதோறும் அடிக்க வேண்டியது என்பது ஒன்றே அதன் தொல்லை. வாடகைக் கடையாயின், விளக்கையும் விசிறியையும் காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம். மாடிச் சுண்ணாம்பை எடுத்துப் போக முடியாது. ஆகவே அதைக் கட்டடக்காரரிடம் பேசிப் பாதியாவது வாங்கிக்கொள்ள வேண்டும்.

கட்டடப் பொருளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தங்கவயல் வாசகர் மன்னிக்கமாட்டார்கள். நம் சயனைடு மேடுகளில் சுமார் 3 கோடியே 30 இலட்சம் டன் அரைத்த மண் குவிந்து கிடக்கிறது. காற்றடி காலத்தில் அது நம் சோற்றிலும் படுக்கையிலும் வந்து விழுகிறது. சாம்பியன் ரீப்பிலிருந்த தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் அந்த மண்ணைக் கொண்டு செங்கல் செய்ய முடியுமா என்று சோதித்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். சிமெண்டு கலந்து செய்த கல்லுக்கு 20 சதவிகிதம் சிமெண்டும் பதினான்கு நாள் நீரில் ஊறலும் தேவைப்பட்டன. கல் நன்றாக வந்தது, ஆனால் விலை கட்டவில்லை. கரிசல் மண்ணையும் செம்மண்ணையும் கலந்து, 750 முதல் 950 பாகை வரையிலான சூட்டில் சுட்ட செங்கலோ விலையில் மிகவும் சிக்கனமாயிற்று. வயல்மண்ணை வெட்டாமல், நம் நெஞ்சில் படியும் தூசியையே சுவராக்க வழி உண்டு என்பது இதனால் தெரிகிறது. ஆயினும் அம்மண்ணில் இருக்கும் நச்சுப் பொருள்கள் சுட்ட பின்னும் கசியாதிருக்கின்றனவா என்று ஒவ்வொரு மேட்டுக்கும் தனித்தனியே சோதித்துச் சான்று பெறாமல் ஒரு கல்லையும் குடியிருக்கும் வீட்டிலோ கடையிலோ வைக்கக் கூடாது.

2024-ஆம் ஆண்டு ஜூனில், பதின்மூன்று மேடுகளை மறுபடியும் அலசித் தங்கம் எடுக்கும் மத்திய அரசாங்கத்தின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. டன்னுக்கு ஒரு கிராம் அளவில் தங்கம் போனபின், மீதி மண் அப்படியே மிஞ்சும். அந்த மண்ணை எங்கே கொட்டுவார்கள், மறுபடியும் மேடாகக் குவிப்பார்களா, சுரங்கத்துக்குள் நிரப்புவார்களா, சோதித்துச் செங்கல்லாக்குவார்களா என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் மனுக் கொடுக்க இதுவே தருணம். மனுவை ஒவ்வொரு லைனிலும் ஒருவர் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். கன்னடத்திலும் ஒரு பிரதி எழுதிச் சேர்த்தால் அலுவலகத்தில் வேலை விரைவாக நடக்கும்.